கலைத் தொழிலாளர்களால் நகரம் வளருமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

பிள்ளை பொறியியல் படிக்கப் போகிறேன் என்றால் மகிழும் வீடு, ஓவியமோ எடிட்டிங்கோ படிக்கப் போகிறேன் என்றால் கவலைப்படுகிறது. 'அதில் என்ன வருமானம் வந்துவிடும்?' என்ற கேள்வி உடனே எழுகிறது. நகரங்களுக்குத் திட்டம் போடும் இடங்களிலும் கேட்கப்படுவது இதே கேள்விதான். தொழிற்சாலை வந்தால் வேலை வரும், துறைமுகம் வந்தால் வாணிபம் வரும். கலைஞர்களால் ஊருக்கு என்ன வரும்?

உலக அளவில் இதற்குப் பதில் தேடும் முயற்சிகள் சில பத்தாண்டுகளாக நடக்கின்றன. 2021ஆம் ஆண்டைப் படைப்புப் பொருளாதாரத்துக்கான ஆண்டாக ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. யுனெஸ்கோவின் படைப்பு நகரங்கள் வரிசையில் 2017இல் இசைக்காகச் சென்னை சேர்க்கப்பட்டது. கலைத்தொழில் செய்கிறவர்களால் நகரம் வளரும் என்பது உண்மை. அவர்களைத் தொழிலாளர்களாக மதிக்கிற நகரத்தில்தான் அந்த வளர்ச்சி நிலைக்கும் என்பதும் அதே அளவு உண்மை. இது குறித்துப் பரவலாக எழும் சந்தேகங்களுக்கு, சென்னையை முதன்மைச் சான்றாக வைத்து விளக்கம் தருகிறோம்.

1. படைப்புத் தொழிலாளர் என்றால் நடிகர், பாடகர், ஓவியர் மட்டும்தானா?

இல்லை. அவர்கள் கண்ணில் படுகிறவர்கள். கண்ணில் படாதவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். ஒரு திரைப்படத்தில் அந்தக் காலத்து வீடு ஒன்று ஐந்து நிமிடம் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கலை இயக்குநர் வரைபடம் போடுகிறார். தச்சர்கள் மரச்சட்டம் அடித்து பிளைவுட் பொருத்துகிறார்கள். மோல்டிங் வேலை செய்பவர்கள் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் தூண்களை வார்த்து எடுக்கிறார்கள். பெயின்டர், நேற்று அறுத்த பலகையின் மேல் நூறு வருடத்து அழுக்கையும் மழைக்கறையையும் கொண்டுவருகிறார். திண்ணையில் வைக்கப் பித்தளைச் செம்பும் மரப்பெட்டியும் வாடகைக்கு வந்து இறங்குகின்றன. லைட்மேன் உயரத்தில் ஏறி விளக்குகளைக் கட்டுகிறார். எல்லாம் முடிந்த பிறகுதான் நடிகர் வந்து அந்தத் திண்ணையில் உட்காருகிறார். தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள் இருப்பதற்குக் காரணம் இந்த வேலைப் பிரிவினைதான்.

திரைக்கு வெளியே இந்தக் குடும்பம் இன்னும் பெரியது. கட்டடக் கலைஞர், நகைக்கு மாதிரி வரைபவர், விளம்பர வாசகம் எழுதுபவர், புத்தக அட்டை வடிவமைப்பவர், மிருதங்கத்துக்குத் தோல் கட்டுபவர், அனிமேஷன் வரைபவர், பட்டுப்புடவைக்கு டிசைன் போடுபவர் என எல்லோரும் இதில் அடக்கம்.

2. இவர்களைப் பற்றிய கணக்குகள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவே, எதை நம்புவது?

யாரைச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துக் கணக்கு மாறும். பிரிட்டன் அரசு 1998இல் வெளியிட்ட ஆவணம் விளம்பரம், கைவினை, திரைப்படம், இசை, பதிப்பு, மென்பொருள் உள்ளிட்ட 13 துறைகளைப் படைப்புத் தொழில்களாகப் பட்டியலிட்டது. பல நாடுகள் அதையே முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. அமெரிக்க நகரவியல் அறிஞர் ரிச்சர்ட் ஃப்ளோரிடா 2002இல் எழுதிய நூலில், விஞ்ஞானி, பொறியாளர், மருத்துவர், வழக்கறிஞர் ஆகியோரையும் சேர்த்து 'படைப்பு வர்க்கம்' என்றார். அப்படிப் பார்த்தால் அமெரிக்க உழைப்பாளர்களில் ஏறத்தாழ 30 சதவீதம் பேர் அதற்குள் வந்துவிடுவார்கள். மருத்துவரையும் வயலின் கலைஞரையும் ஒரே கூடையில் போட்டுவிட்டு, 'கலையால் நகரம் வளர்ந்தது' என்று சொன்னால் அது சரியான முடிவாகாது.

யுனெஸ்கோ 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, பண்பாடு மற்றும் படைப்புத் துறைகள் உலகப் பொருளாதார உற்பத்தியில் 3.1 சதவீதத்தையும் மொத்த வேலைவாய்ப்பில் 6.2 சதவீதத்தையும் தருகின்றன. இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வேலையில் உள்ள பங்கில் பாதிதான் வருமானத்தில் உள்ள பங்கு. இந்தத் துறை பலருக்கு வேலை தருகிறது, ஆனால் தலைக்குக் கிடைப்பது குறைவு என்பதை அந்த எண்களே சொல்லிவிடுகின்றன.

3. கலையால் ஊருக்குள் பணம் எப்படி வருகிறது?

ஒரு நகரத்தில் இரண்டு வகை வேலைகள் உண்டு. முதல் வகை, ஊர்க்காரர்களுக்கே விற்பது: முடிதிருத்தகம், மெஸ், ஆட்டோ, மளிகைக் கடை. இரண்டாவது வகை, ஊருக்கு வெளியே விற்பது. ஒரு மோட்டார் வாகனத் தொழிற்சாலை எப்படி வெளியூர்ப் பணத்தை உள்ளே கொண்டுவருகிறதோ, வடபழனியில் எடிட் செய்யப்பட்ட படமும் அப்படித்தான் கொண்டுவருகிறது. அது மதுரையில் ஓடுகிறது. இலங்கை, மலேசியா, சிங்கப்பூரில் ஓடுகிறது. ஓடிடி தளத்துக்கு விற்கப்படுகிறது. வேறு மொழிகளில் டப் ஆகிறது. அப்படி வந்த பணம் உதவி இயக்குநரின் அறை வாடகையாக, யூனிட் சாப்பாட்டுக்கான அரிசியாக, ஜெனரேட்டர் வண்டிக்கான டீசலாக ஊருக்குள் சுற்றுகிறது.

பொருளியலாளர் என்ரிகோ மொரெட்டி 2012இல் எழுதிய நூலில், அமெரிக்க நகரம் ஒன்றில் உயர்தொழில்நுட்ப வேலை ஒன்று உருவானால், காலப்போக்கில் அதே நகரில் வேறு ஐந்து வேலைகள் உருவாகின்றன என்று கணக்கிட்டார். அந்த எண்ணைக் கலைத்துறைக்கு அப்படியே பொருத்தக் கூடாது. பணம் பரவும் பாதை மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

அந்தப் பாதை அடைபட்டால் என்ன ஆகும் என்பதை 2023இல் லாஸ் ஏஞ்சலஸ் பார்த்தது. ஹாலிவுட் எழுத்தாளர்கள் மே 2 முதல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்களும் ஜூலையில் சேர்ந்துகொண்டார்கள். எழுதுவதையும் நடிப்பதையும் நிறுத்தியவர்கள் அவர்கள்தான். ஆனால் படப்பிடிப்புப் பொருள்களை வாடகைக்கு விடும் கிடங்குகள், சலவைக் கடைகள், சமையல் ஒப்பந்தக்காரர்கள், பூ விற்பவர்கள் வரை வருமானம் இழந்தார்கள்.

4. இணையம் வந்த பிறகும் கலைஞர்கள் ஏன் ஒரே ஊரில் குவிய வேண்டும்?

கலைத்தொழிலில் வேலை துண்டு துண்டாக வருகிறது. ஒரு படம் முடிந்தால் அந்தக் குழு கலைந்துவிடும். அடுத்த படத்துக்கு வேறு குழு. 'நாளைக் காலை ஆறு மணிக்கு கால்ஷீட், டிராலி ஆள் இருவர் வேண்டும்' என்றால், கூப்பிடு தூரத்தில் ஆள் இருக்க வேண்டும். இன்று மாலை கிளம்பி நாளை வந்து சேர்கிறவருக்கு அந்த வேலை கிடைக்காது. தொழிலைக் கற்றுக்கொள்வதும் அருகில் இருந்தால்தான் நடக்கும். எங்கே வெட்டினால் காட்சி நிற்கும் என்பதை இளைய எடிட்டர், மூத்தவரின் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துத்தான் கற்கிறார்.

தமிழ் சினிமாவின் வரலாறே இதற்குச் சான்று. முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931இல் பம்பாயில் எடுக்கப்பட்டது. தொடக்க காலத் தமிழ்ப் படக் குழுக்கள் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ரயிலேறின. அங்கே செலவழித்த பணம் அந்த ஊர்களுக்கே சேர்ந்தது. 1934இல் ஏ. நாராயணன் சென்னையில் ஒலிப்பட ஸ்டூடியோ தொடங்கினார். அடுத்து சேலத்தில் டி.ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ என வரிசையாக வந்தன. மதுரையின் சித்ரகலா மூவிடோனில்தான் 1947இல் முதல் சிங்களப் பேசும்படம் தயாரானது. காரைக்குடியில் தொடங்கிய ஏவி.எம். 1948இல் கோடம்பாக்கத்துக்கு இடம் மாறியது. லேப், ஒலிப்பதிவுக் கூடம், இசைக்குழு, விநியோகஸ்தர் அலுவலகம் எல்லாம் சென்னையில் சேரச் சேர, மற்ற ஊர்களில் இருந்தவர்களும் அங்கே வந்தார்கள். தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம், இந்தி என ஒரே தெருவில் ஐந்து மொழிப் படங்களுக்கு வேலை நடந்தது. வங்காளத்திலிருந்து வந்த ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் இங்கே தொழிலாளர் சங்கம் கட்டினார். வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்ததால்தான் கோடம்பாக்கம் கோடம்பாக்கம் ஆனது.

5. ஒருமுறை வேரூன்றிய தொழில் ஊரைவிட்டுப் போகுமா?

போகும். தெலுங்கு சினிமாவே சான்று. 1956இல் ஆந்திரப் பிரதேசம் உருவான பிறகும் பல ஆண்டுகள் தெலுங்குப் படங்கள் பெரும்பாலும் சென்னையில்தான் எடுக்கப்பட்டன. தங்கள் மாநிலத்தில் எடுக்கும் படங்களுக்கு ஆந்திர அரசு சலுகைகள் தந்தது. 1970களில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் ஹைதராபாதில் அன்னபூர்ணா ஸ்டூடியோவை நிறுவினார். 1996இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி வந்தது. இருபது, முப்பது ஆண்டுகளில் நடிகர், தொழில்நுட்பக் கலைஞர், துணை நடிகர் என அடுக்கடுக்காகத் தொழில் இடம்பெயர்ந்தது.

இதிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. இந்தத் தொழிலுக்கு ஆறும் சுரங்கமும் தேவையில்லை. ஆட்கள் போனால் தொழிலும் போய்விடும். அதேபோல், ஒரு ஊர் மனது வைத்தால் இதை உருவாக்கவும் முடியும். அதற்கு ஒரு தலைமுறைக் காலம் விடாமல் உழைக்க வேண்டும். ஒரே ஒரு அறிவிப்பால் நடக்காது.

6. கலையால் மற்ற தொழில்களுக்கு என்ன லாபம்?

கோவில்பட்டியையும் சிவகாசியையும் எடுத்துக்கொள்வோம். சென்னை ஓவியப் பள்ளியில் படித்த சி. கொண்டையராஜு, நாடகக் குழுக்களுக்குத் திரைச்சீலை வரைந்தவர். கோவில்பட்டியில் தங்கி 1940களில் அங்கே ஓவியக்கூடம் வைத்தார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலிய சீடர்கள் அவரிடம் உருவானார்கள். அவர்கள் வரைந்த முருகனும் லட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சகங்களில் லட்சக்கணக்கில் அச்சாகி, ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடைக் காலண்டர்களாக நாடெங்கும் போயின. சிவகாசியில் இயந்திரம் இருந்தது, முதலீடு இருந்தது, உழைக்கும் கை இருந்தது. வாங்குகிறவர் காலண்டரில் தேடியதோ அந்த ஓவியத்தை. தூரிகை பிடித்த சிலரின் வேலை, பேப்பர் வியாபாரி, மை தயாரிப்பவர், அச்சுத் தொழிலாளி, தகரம் அடிப்பவர், லாரி ஓட்டுநர் என ஒரு வட்டாரத்துக்கே வேலை ஆனது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஓவியம் ஒருமுறை கைமாறும். அச்சு ஆண்டுக்கணக்கில் ஓடும். படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடமே லாபம் தங்கும். பின்னலாடையிலும் இதே கதைதான். வாங்குபவர் அனுப்பும் டிசைனுக்குத் தைத்துக் கொடுக்கும் ஊருக்குத் தையற்கூலி கிடைக்கிறது. டிசைனையும் பிராண்டையும் வைத்திருப்பவருக்குப் பெரும்பங்கு போகிறது. உள்ளூரில் வடிவமைப்பாளர்களை வளர்த்தால் அந்தப் பெரும்பங்கில் ஒரு பகுதியாவது ஊரிலேயே தங்கும்.

7. அருங்காட்சியகம், கலை வீதி என்று கட்டினால் திறமைசாலிகள் தாமாக வந்து நகரம் வளர்ந்துவிடாதா?

இந்த நம்பிக்கையைப் பரப்பியது ஃப்ளோரிடாவின் நூல். தொழில்நுட்பம், திறமை, பிறரை ஏற்கும் மனம் ஆகிய மூன்றும் உள்ள நகரங்களே வளரும் என்று அவர் சொன்னார். அதில் உண்மை உண்டு. ஆனால் பல நகர நிர்வாகங்கள் அதை மலிவான குறுக்குவழியாக எடுத்துக்கொண்டன. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலம், இளைஞர்களை ஈர்க்க 2003இல் நகரங்களுக்குப் பொலிவூட்டும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கார் தொழிலின் சரிவு, குறைந்துகொண்டே போன மக்கள்தொகை போன்ற பெரிய காயங்களை அது ஆற்றவில்லை. அம்மாநிலத்தின் டெட்ராய்ட் நகரம் 2013இல் திவாலானது. நகரங்களில் ஏற்றத்தாழ்வு பெருகியதைப் பற்றி ஃப்ளோரிடாவே 2017இல் தனி நூல் எழுதினார்.

வெற்றிக்குச் சான்றாக எப்போதும் ஸ்பெயினின் பில்பாவோ நகரம் காட்டப்படுகிறது. 1997இல் அங்கே குகன்ஹைம் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. உலகமே அங்கே பயணம் போனது. அதற்கு முன்பே அந்த நகரம் தொடங்கிய வேலைகளை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. எஃகு ஆலையும் கப்பல் கட்டும் தளமும் நொடித்துப்போன ஊர் அது. 1983இல் பெருவெள்ளம் வேறு. அதன்பின் ஆற்றைச் சுத்தம் செய்தார்கள், துறைமுகத்தை நகருக்கு வெளியே கொண்டுபோனார்கள், 1995இல் மெட்ரோ ரயில் விட்டார்கள். கட்டடத்தை மட்டும் பார்த்து நகலெடுத்த ஊர்களுக்கு அந்தப் பலன் வராததில் வியப்பில்லை.

8. கலைஞர்கள் வந்தால் வாடகை ஏறி, கடைசியில் அவர்களே வெளியேற வேண்டிவருமே?

நியாயமான சந்தேகம். நியூயார்க்கின் சோஹோ பகுதியில் காலியாகக் கிடந்த தொழிற்கூடங்களில் ஓவியர்கள் குடியேறினார்கள். 1971இல் அதற்குச் சட்ட அனுமதியும் கிடைத்தது. பகுதிக்குப் பெயர் வந்தது, பின்னாலேயே விலையுயர்ந்த கடைகளும் வசதி படைத்தவர்களும் வந்தார்கள், புதிய ஓவியர்களால் அங்கே கால் வைக்க முடியவில்லை. அதே நகரில் 1970இல் பழைய பெல் ஆய்வுக்கூடக் கட்டடம் 'வெஸ்ட்பெத்' என்ற பெயரில் கலைஞர் குடியிருப்பாக மாற்றப்பட்டது. இலாப நோக்கற்ற அமைப்பிடம் இருப்பதால் இன்றும் அங்கே கலைஞர்கள் குறைந்த வாடகையில் வாழ்கிறார்கள். நிலம் யார் கையில் இருக்கிறது என்பதே இரண்டுக்கும் வேறுபாடு.

சென்னையிலும் இது நடந்தது. விஜயா வாகினி ஸ்டூடியோ இருந்த வளாகத்தில் இன்று மருத்துவமனையும் மாலும் நிற்கின்றன. ஜெமினி ஸ்டூடியோவின் பெயர் மேம்பாலத்தோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நேர்மாறான சான்றும் நம்மிடமே உண்டு. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்களும் சிற்பிகளும் பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை அமைத்தார்கள். அன்று அது ஆளரவமில்லாத கடற்கரை. இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் நிலத்தின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. நிலம் சொந்தமாக இருந்ததால் கிராமம் நிலைத்தது.

9. தொழில் லாபம் தரும் என்றால் அரசின் உதவி எதற்கு?

எல்லாக் கலைக்கும் ஒரே பொருளாதாரம் கிடையாது. திரைப்படத்தையும் விளையாட்டுச் செயலியையும் ஒருமுறை செய்து கோடிப் பேருக்கு விற்கலாம். கச்சேரி, தெருக்கூத்து, நாடகம் அப்படியல்ல. விடிய விடிய ஆடும் கூத்துக்கு அன்று எத்தனை ஆட்கள் தேவைப்பட்டார்களோ, இன்றும் அத்தனை பேர் தேவை. இயந்திரத்தால் அதைக் குறைக்க முடியாது. ஆனால் மற்ற தொழில்களில் கூலி உயர உயர, இவர்களின் செலவும் உயரும். வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற பொருளியலாளர்கள் 1966இல் இதை விரிவாக விளக்கினார்கள். திரைக்கும் விளம்பரத்துக்கும் பாடகரையும் நடிகரையும் தருவது பெரும்பாலும் இந்த மேடைகள்தாம். ஊற்றைப் பராமரிக்கும் செலவைச் சந்தை தானாக ஏற்காது.

10. நிலையான வருமானம் இல்லாத தொழிலாளர்களை வைத்து நகரம் எப்படி வளரும்?

வளரும், ஆனால் நிலைக்காது. பேட்டா கிடைத்த நாளில் சாப்பாடு, கிடைக்காத நாளில் கடன் என்று வாழ்கிறவர் முப்பது வயதில் தொழிலை விட்டுவிடுகிறார். அவரிடம் சேர்ந்த பத்தாண்டுத் திறமையும் அவரோடு போய்விடுகிறது. இது அவருடைய இழப்பு மட்டுமில்லை, ஊரின் இழப்பும்கூட.

இதற்கு வழி கண்ட நாடுகள் உண்டு. பிரான்ஸில் 12 மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்த மேடை மற்றும் திரைத் தொழிலாளருக்கு, வேலையில்லாத நாள்களில் காப்பீட்டுத் தொகை கிடைக்கிறது. அயர்லாந்து 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ வீதம் மூன்றாண்டுச் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. செலவான ஒவ்வொரு யூரோவுக்கும் சமூகத்துக்கு 1.39 யூரோ பலன் திரும்பியதாக 2025இல் அந்த அரசு வெளியிட்ட மதிப்பீடு சொல்கிறது.

நம் நாட்டிலும் சட்டங்கள் இருக்கின்றன. 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, திரைப்பாடலை எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்கில் படத்தோடு ஒலிப்பது தவிர்த்த பிற பயன்பாடுகளுக்கான ராயல்டியில் தம் பங்கை எழுதிக் கொடுத்துவிட முடியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, திரை மற்றும் ஒலி-ஒளித் துறைத் தொழிலாளர்களை எழுத்துப்பூர்வமான ஒப்பந்தத்தோடுதான் வேலைக்கு வைக்க வேண்டும் என்கிறது. இந்த உரிமைகளைத் தொழிலாளர்கள் தெரிந்துவைத்திருப்பது முதல் படி. வாய்வார்த்தையில் ஆள் எடுக்கும் பழக்கத்தைத் தொழில் கைவிடுவது அடுத்த படி.

11. செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி இவர்களுக்கு எதிர்காலம் உண்டா?

தொழில்நுட்பம் வேலையைப் பறித்த வரலாறு நம் கண்முன்னே இருக்கிறது. அண்ணா சாலையில் வானளாவ நின்ற கட்-அவுட்டுகளையும் பேனர்களையும் வரைந்த ஓவியர்கள், 2000க்குப் பிறகு ஃப்ளெக்ஸ் அச்சு பரவியதும் சில ஆண்டுகளில் வேலை இழந்தார்கள். கட்டம் போட்டு, ஒரு சாணளவுப் புகைப்படத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கும் வித்தை அவர்களுடையது. அவர்களுக்கு மறுபயிற்சி தர யாரும் முன்வரவில்லை. மாற்று வேலைக்கு ஏற்பாடும் இல்லை. அந்த அலட்சியம் மறுபடி நடக்கக் கூடாது.

தடுக்க வழி உண்டு என்பதை ஹாலிவுட் எழுத்தாளர்கள் காட்டினார்கள். 2023 வேலைநிறுத்தத்தின் முடிவில் கையெழுத்தான ஒப்பந்தம், செயற்கை நுண்ணறிவு எழுதியதை எழுத்தாளரின் இடத்தில் வைத்து, அவருக்குரிய பெயரையும் ஊதியத்தையும் குறைக்க முடியாதபடி செய்தது. கருவி வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கருவியால் வரும் லாபத்தில் உழைத்தவருக்கும் பங்கு வேண்டும் என்றார்கள். டப்பிங் கலைஞரின் குரலையும் நடிகரின் முகத்தையும் நகலெடுப்பதற்கு முன் அனுமதியும் ஊதியமும் வேண்டும் என்பதை நம் ஒப்பந்தங்களிலும் எழுதிவைக்க வேண்டிய நேரம் இது.

12. இதெல்லாம் வசதியானவர்களின் நகரத்துக்குத்தானே? ஏழை மக்களுக்கு என்ன பயன்?

அப்படி ஆகிவிடும் ஆபத்து உண்மையிலேயே இருக்கிறது. 2020இல் கண்ணகி நகர் மறுகுடியமர்வுப் பகுதியின் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரையப்பட்டன. பகுதிக்குப் புதிய முகம் கிடைத்தது; அது நல்லதே. ஆனால், நகருக்குள்ளிருந்து வெளியேற்றப்பட்டு வேலைக்காக நெடுந்தூரம் பேருந்தில் போகும் குடும்பத்துக்குச் சுவர் ஓவியம் மட்டும் வாழ்வை மாற்றாது. அங்கே வளரும் பிள்ளை ஓவியக் கல்லூரியில் சேர்வதும், அடுத்த சுவரை ஊதியத்துக்கு வரைவதும்தான் வளர்ச்சி.

பறை அடிப்பவர், கானா பாடுபவர், கூத்தாடுபவர், தப்பாட்டக் கலைஞர் ஆகியோரின் கலையைச் சாதியின் பெயரால் நெடுங்காலம் ஒதுக்கிவைத்த சமூகம் இது. 2007இல் தொடங்கி, இடையில் நின்று, 2023இல் மீண்டும் வந்த சென்னை சங்கமம் போன்ற விழாக்கள் அவர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் அழைத்து வந்தன. பொங்கல் நேரத்துச் சில நாள்களோடு அது நிற்காமல், ஆண்டு முழுவதும் வேலை கிடைக்க வேண்டும். யாருக்கு மேடை கிடைக்கிறது என்பதைக் கவனிக்காத படைப்புப் பொருளாதாரம், பழைய ஏற்றத்தாழ்வுக்குப் புது வண்ணம் பூசுவதாகவே முடியும்.

13. சரி, மாநகராட்சியும் அரசும் என்னதான் செய்ய வேண்டும்?

பெரிய செலவில்லாமல் தொடங்கக்கூடியவை சில உண்டு. பூட்டிக் கிடக்கும் அரசுக் கட்டடங்களை, விற்கவோ பெரிய நிறுவனத்துக்குக் கொடுக்கவோ கூடாது என்ற நிபந்தனையோடு, பட்டறைகளாகவும் ஒத்திகைக் கூடங்களாகவும் நீண்டகாலக் குறைந்த வாடகைக்கு விடலாம். தெருவில் படமெடுக்கும் அனுமதிகளை ஒரே இடத்தில், குறித்த நாளுக்குள் தரலாம். 1850இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரியிலும் தரமணி திரைப்படக் கல்லூரியிலும் படிக்க வரும் முதல் தலைமுறை மாணவர்களுக்கு உதவித்தொகையைக் கூட்டலாம். நகரில் எத்தனை பேர் என்னென்ன கலைத்தொழில் செய்கிறார்கள் என்று வார்டு வார்டாகக் கணக்கெடுக்கலாம். எண்ணப்படாதவர்களுக்குத் திட்டம் போட முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசே ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிகளில் கலைஞருக்கான ஊதியத்தை எழுத்தில் உறுதிசெய்து, முப்பது நாளுக்குள் வங்கிக் கணக்கில் சேர்க்கலாம். அரசு வழிகாட்டினால் தனியார் பின்தொடர்வார்கள்.

மக்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் ஊரில் அடுத்த கலைவிழாவுக்கு நிதி ஒதுக்கும்போது, மேடைக்கும் பந்தலுக்கும் எவ்வளவு, வாசிப்பவருக்கும் ஆடுபவருக்கும் எவ்வளவு, அது எத்தனை நாளில் கைக்கு வரும் என்ற மூன்று கேள்விகளை வார்டு உறுப்பினரிடம் கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குத் தேதியோடு பதில் சொல்லும் ஊரில்தான் கலைஞர்கள் தங்குவார்கள். அவர்கள் தங்கும் ஊருக்குத்தான் அந்த வளர்ச்சியும் வந்து சேரும்.